ஓட்டத்துக்கு எந்தச் சீனி? திருகோணமலைக் கடைப் பொருள்களின் மதிப்பீடு

நீரிழிவோடு ஓடுகிறவர், வழியில் இரத்தச் சீனி இறங்கினால் எடுக்க, காற்சட்டைப் பையில் எதை வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குவது? பாமசிக்காரர் ஒன்று சொல்வார், பலசரக்குக் கடைக்காரர் வேறொன்று சொல்வார், கூட ஓடுகிறவர் பேரீச்சம்பழத்தைக் கையில் திணிப்பார். திருகோணமலை நகரில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள்களை இங்கே மூன்று வகையில் அளந்து பார்க்கிறோம்: ஒரு தடவைக்கு எத்தனை கிராம் மாச்சத்து கிடைக்கிறது, அது இரத்தத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது, வெயிலிலும் வியர்வையிலும் பைக்குள் கிடந்து எப்படித் தாங்குகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அவசரத்துக்கு, நிறுத்து எடுத்த குளுக்கோஸ் தூளை மிஞ்ச ஒன்றுமில்லை. மற்றவற்றுக்கும் வேலை உண்டு, ஆனால் வேறு வேலை.

யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை என்பதில் தெளிவு வேண்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு ஓட்டத்தில் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட், டொல்பியூட்டமைட் போன்ற குளுசைகள் எடுப்பவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் குளுசைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதோடு தசையும் சீனியை இழுத்தால் இரண்டும் சேர்ந்து கீழே தள்ளும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனொலோல், புரொப்ரனொலோல் மாதிரிக் குளுசை எடுப்பவருக்கு இன்னொரு சிக்கல்: சீனி இறங்கும்போது வரும் நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். ஓடுகிறவருக்கோ எப்படியும் வியர்க்கும். இவர்கள் உடம்பு சொல்வதை நம்பாமல் இரத்தச் சீனி பார்க்கும் மீற்றரை நம்ப வேண்டும்.

முதலில் குளுக்கோஸ் தூள். அட்டைப் பெட்டியில் பாமசியிலும் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். விற்றமின் சேர்த்தது, பழச்சுவை சேர்த்தது என்று வகைகள் இருந்தாலும் வேலைக்கு எல்லாம் ஒன்றுதான், சாதாரணமானதையே வாங்குங்கள். குளுக்கோஸ் செரிக்க வேண்டியதில்லை, குடலிலிருந்து நேரே இரத்தத்துக்குப் போகும். வீட்டுச் சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ். அது ஈரல் வழியாகச் சுற்றிப் போகவேண்டும். அதனால் சீனியும் வேலை செய்யும், சற்றுத் தாமதமாக. அகார்போஸ் எடுப்பவருக்கு மட்டும் இந்த வித்தியாசம் மிகப் பெரியது: அந்த மருந்து சீனியையும் மாவையும் உடைக்கும் நொதியையே தடுக்கிறது, ஆகவே சீனித் தண்ணியோ பிஸ்கட்டோ அவருக்குக் கை கொடுக்காது. குளுக்கோஸ்தான் வேண்டும்.

தூளின் குறை கடற்காற்று. திருகோணமலையில் பெட்டியைத் திறந்து வைத்தால் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். திறந்த அன்றே இறுக்கமான மூடியுள்ள போத்தலுக்கு மாற்றுங்கள். ஓட்டத்துக்குக் கொண்டுபோக, சமையல் தராசில் 15 கிராம் நிறுத்துச் சின்ன சிப் பைகளில் போட்டு, அவற்றை இன்னொரு பைக்குள் வையுங்கள். ஒற்றைப் பை வியர்வையில் நனைந்து கட்டியாகும். தராசு இல்லாமல் கரண்டியால் அளந்தால் கரண்டிக்குக் கரண்டி மாறும்: தட்டி மட்டப்படுத்திய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம், குவித்தால் அதைவிட மிக அதிகம். உலர்ந்த தூளை ஓடி மூச்சு வாங்கும் நிலையில் வாயில் கொட்டினால் புரைக்கேறும். ஆகவே இதைவிட நல்ல வழி, காலையில் 15 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துச் சின்ன போத்தலில் எடுத்துக்கொள்வது. முதல்நாள் இரவே கரைத்து வைக்காதீர்கள், இந்தச் சூட்டில் புளித்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு இரண்டு பங்கு, அதற்கு மேல் போனால் நான்கு பங்கு கையில் இருக்க வேண்டும்.

குளுக்கோஸ் குளுசைகள், பொதுவாக ஒன்று 4 கிராம் அளவில் செய்யப்படுபவை, கிடைத்தால் அவைதான் கையாள எளிது: நான்கு சப்பினால் 16 கிராம், அளவும் தவறாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சொக்கலட்டுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தால் நல்ல உபகாரம்.

அடுத்தது ஜீவனி. இதைப் பற்றித்தான் அதிகமான தவறான நம்பிக்கை இருக்கிறது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் பக்கற், பெயரிலேயே உயிர் இருக்கிறது, குடித்தால் தெம்பு வரும் என்று பலரும் ஓட்டத்துக்குக் கரைத்து எடுத்துப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவைப்படி ஒரு லீற்றருக்கான 20.5 கிராம் பக்கற்றில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். மிச்சம் உப்பு, பொற்றாசியம் குளோரைட், சிற்றேற்று. 200 மில்லிலீற்றர் குடித்தால் உடம்புக்குப் போகும் குளுக்கோஸ் 3 கிராமுக்கும் குறைவு. இறங்கிய சீனியைத் தூக்க ஒரு லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும். அதற்குள் ஆள் விழுந்துவிடுவார். ஜீவனியை வியர்வையில் போன தண்ணீருக்கும் உப்புக்கும் ஈடாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலைக்கு அது அருமையான பொருள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது ஆளுக்கே தெரியாது. அப்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு ஜீவனி உதவும். உயர் இரத்த அழுத்தம் அல்லது சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் வைத்தியரைக் கேட்டபின் மட்டும். ஒரு பக்கற்றைக் குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைப்பது யாருக்கும் கூடாது.

செவ்விளநீரும் இதே கதைதான், சற்று நல்ல பக்கமாக. 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 6 கிராம் சீனி. முற்றின அளவுக்கும் மரத்துக்கும் ஏற்ப மாறும். வெட்டிக் குடிக்கும்வரை யாரும் சொல்ல முடியாது. இந்தத் தெரியாமைதான் அதன் குறை. பொற்றாசியம் தாராளம், சோடியம் குறைவு, ஆகவே உப்பை ஈடுசெய்வதில் ஜீவனிக்குப் பின்னால்தான் நிற்கும். ஓட்டம் முடிந்து, மீற்றர் 100க்குக் கிட்ட (இங்கே மீற்றர் இலக்கங்கள் எல்லாம் mg/dL அளவில்) இருக்கும்போது கடற்கரையோரம் ஒரு இளநீர் குடிப்பது நல்ல தேர்வு. நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்தப் பொற்றாசியமே ஆபத்து, அவர்கள் தொடக் கூடாது.

சோடா வகைகளில் ஒரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. "சீனி இறங்கினால் அரைப் போத்தல் சோடா" என்பது பழைய சூத்திரம். 2016இல் இலங்கையில் பானங்களுக்கு நிறக்குறியீடு வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. அடுத்த வருடம் சீனிக்கு வரியும் வந்தபின் பல பானங்களில் சீனி குறைக்கப்பட்டது. இப்போது ஒரே செம்மஞ்சள் வட்டத்துக்குள் 3 கிராமும் இருக்கலாம், 10 கிராமும் இருக்கலாம். வட்டத்தின் நிறத்தைப் பார்த்து நிறுத்தாமல் அதில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் படியுங்கள். 15 கிராம் வேண்டுமானால், 8 என்று எழுதியதில் 190 மில்லிலீற்றர், 5 என்று எழுதியதில் 300 மில்லிலீற்றர். பச்சை வட்டம் போட்டதும், சீனியில்லாதது என்று விற்பதும் அவசரத்தில் தண்ணீருக்குச் சமம். ஒரே கொம்பனியின் இரண்டு வகைப் போத்தல்களும் ஒரே தட்டில் நிற்பதால், கடைப் பையனிடம் "சோடா ஒன்று தாங்கோ" என்று சொல்லி நடுங்கும் கையோடு வாங்கும்போது மாறிப்போவது எளிது. சீனி போட்டதைத் தாருங்கள் என்று சொல்லிக் கேளுங்கள். வாயுவும் வயிற்றைக் குலுக்கும், ஆகவே ஓட்டத்துக்கு நடுவில் இது கடைசித் தேர்வு.

வழியில் தேத்தண்ணிக் கடை திறந்திருந்தால் பிளேன்ரீ கேட்க வேண்டாம், ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி சீனி கரைத்துத் தரச் சொல்லுங்கள். 16 கிராம், ஒரே மூச்சில் குடித்துவிடலாம்.

பேரீச்சம்பழம் நல்ல உணவு, மோசமான மருந்து. சின்ன உலர்ந்த பழம் ஒன்றில் 5 முதல் 7 கிராம், பெரிய மெஜூல் வகையில் 16 முதல் 18 கிராம் வரை. நார் இருப்பதால் மெதுவாக ஏறும். புறப்பட 20 நிமிடத்துக்கு முன் இரண்டு சாப்பிடுவதற்கும், நீண்ட ஓட்டத்தில் பாதி வழியில் மெல்லுவதற்கும் பொருத்தம். கதலி வாழைப்பழமும் அப்படித்தான், ஒரு சின்னப் பழம் 12 முதல் 15 கிராம். காய்வெட்டானது மெதுவாகவும் நன்றாகக் கனிந்தது வேகமாகவும் ஏறும். பையில் வைத்தால் நசியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மரி பிஸ்கட் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். மாவு செரிய வேண்டும், உலர்ந்த வாயில் ஓடிக்கொண்டே விழுங்கவும் முடியாது. குளுக்கோஸ் குடித்து நிலைமை சரியானபின் அதைத் தக்கவைக்க மூன்று பிஸ்கட் நன்று.

கண்டோஸை, அதாவது சொக்கலட்டை, இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதிலுள்ள கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சீனி உள்ளே இருந்தும் அது இரத்தத்துக்கு வர நேரமெடுக்கும். அந்தத் தவிப்பில் ஆட்கள் முழுக் கட்டியையும் சாப்பிட்டுவிடுவார்கள், ஒரு மணித்தியாலம் கழித்து மீற்றர் 300 காட்டும். கச்சானும் எள்ளுருண்டையும் அதே காரணத்தால் கூடாது. கடினமான டொபி கரைய நேரமாகும், மூச்சிரைக்கும்போது தொண்டையில் சிக்கவும் கூடும். பனங்கட்டியும் பனங்கற்கண்டும் நீரிழிவுக்கு ஒன்றும் செய்யாது என்ற பேச்சு தவறு, அவற்றில் பெரும்பாகம் சாதாரணச் சீனிதான். அதே காரணத்தால் பொடித்த பனங்கட்டி அவசரத்துக்குச் சீனியைப் போல வேலை செய்யும். கட்டியாக வாயில் அடக்கிக்கொண்டால் செய்யாது.

ஓட்டக்காரருக்கென்று விற்கும் ஜெல் பக்கற்றுகள் பெரும்பாலும் ஒன்றுக்கு 20 முதல் 25 கிராம் மாச்சத்து கொண்டவை. அளவு அச்சிட்டிருப்பதும் நனையாததும் பெரிய நன்மை. விலைதான் பல மடங்கு. தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் வயிறு பிரட்டும். பெரும்பாலும் மாவுப்பொருளிலிருந்து செய்யும் மோல்டோடெக்ஸ்ரின் என்பதால் அகார்போஸ்காரருக்கு உதவாது. குளுக்கோஸ் தூளால் ஆகாத எதையும் இது செய்துவிடுவதில்லை. போட்டி நாளுக்கு மட்டும் வாங்கலாம், அதுவும் பயிற்சியில் முதலே பரீட்சித்தபின்.

"நீரிழிவாளருக்கு" என்று தனித் தட்டில் அடுக்கியிருக்கும் குரக்கன் பிஸ்கட், சீனியில்லாப் பிஸ்கட் வகைகள் ஓடுகிறவருக்கு அதிகம் பயனில்லை. குரக்கன் பிஸ்கட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் பலவற்றில் கோதுமை மாவும் சீனியும் முன்வரிசையில் நிற்கும். சீனியில்லாதவற்றில் உள்ள இனிப்பு மதுசாரங்கள் (சோர்பிற்றோல் போன்ற இனிப்பூட்டிகள்) அவசரத்தில் சீனியை உயர்த்தாது, ஓடும்போது வயிற்றை இளக்கவும் செய்யும். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு சாப்பிட அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது அவித்த கடலை ஒரு கோப்பை, இவற்றைவிட மலிவு, நின்று எரியும்.

இனி இவற்றை எப்போது, எவ்வளவு? இன்சுலின் பாவிப்பவர் சீரான ஓட்டத்தைத் தொடங்க 126 முதல் 180 வரை நல்ல இடம். 90க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் குடித்து, 90க்கு மேல் ஏறும்வரை காத்திருங்கள். 90க்கும் 124க்கும் நடுவே என்றால் 10 கிராம் எடுத்துவிட்டுத் தொடங்கலாம். 270க்கு மேல் இருந்தால், சாப்பாட்டால் ஏறியது என்று தெளிவாகத் தெரியாத பட்சத்தில் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் பொருள்) பாருங்கள். சிறுநீரில் பார்க்கும் பட்டிகள் பாமசியில் கேட்டு வாங்கலாம். மிதமாகவோ கூடுதலாகவோ நிறம் மாறினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, வைத்தியரிடம் பேச வேண்டும். சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் குளுசைகளான எம்பாக்ளிபுளோசின், டபாக்ளிபுளோசின் எடுப்பவருக்கு மீற்றர் சாதாரணமாகக் காட்டும்போதே கீற்றோன் ஏறக்கூடும்; வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் ஓடவே கூடாது.

ஓடும்போது, இன்சுலினைக் குறைக்காமல் வந்திருந்தால் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து தேவைப்படலாம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 10 முதல் 20 கிராம் என்று பிரித்தால் வயிறும் தாங்கும், சீனியும் துள்ளாது. எல்லாருக்கும் இந்த அளவு பொருந்தாது. முதல் சில ஓட்டங்களில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்து எழுதிவைத்தால் உங்கள் அளவு தெரிந்துவிடும். எடை குறைக்க ஓடுகிறவருக்கு இவ்வளவு சீனி குடிப்பது மனதுக்கு ஒவ்வாது. அவருக்கான வழி இன்சுலினையோ குளுசையையோ ஓட்ட நாளில் குறைப்பதுதான், அதைக் கிளினிக்கில் கேட்டுச் செய்ய வேண்டும். தானாகக் குறைக்கக் கூடாது.

70க்குக் கீழே இறங்கினால் உடனே நின்று 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னும் 15 கிராம். "வீடு கிட்டத்தானே" என்று நடந்தோ ஓடியோ போவதுதான் ஆட்களை விழுத்துகிறது, தசை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். 54க்குக் கீழே போனால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

காலை 30/70 கலவை இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதிலுள்ள மெதுவான பகுதி போட்டு 4 முதல் 12 மணித்தியாலம் வரை உச்சத்தில் வேலை செய்யும். காலை 7 மணிக்குப் போட்டவர் மாலை 5 மணிக்கு மக்கெய்சர் மைதானத்தில் ஓடினால் அந்த உச்சத்துக்குள்தான் ஓடுகிறார், மதியச் சாப்பாடும் கரைந்திருக்கும். அதே ஆள் விடியற்காலை ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு ஓடினால் இறங்கும் வாய்ப்புக் குறைவு, வெயிலும் குறைவு. மாலை ஓட்டம்தான் முடியும் என்றால் தொடங்க அரை மணித்தியாலம் முன் ஒரு வாழைப்பழம், படுக்கப் போகுமுன் மறுபடி ஒரு மீற்றர்ப் பரிசோதனை. தசை இரவிலும் சீனியை இழுத்துச் சேமிக்கும், நடுச்சாமத்தில் இறங்குவது இதனால்தான். அந்த ஆபத்து 24 மணித்தியாலம் வரை நிற்கும். ஓடும் நாளில் தொடையில் ஊசி போட வேண்டாம், வயிற்றில் போடுங்கள். வேலை செய்யும் தசைக்கு மேல் போட்ட இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும்.

கோட்டைக்குள் கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூச்சைப் பிடித்து வேகமாக ஓடுபவர்களுக்குத் தலைகீழாக நடக்கும்: அட்ரினலின் ஈரலிலிருந்து சீனியை இரத்தத்துக்குள் வெளிவிடச் செய்ய, ஓடி முடிய 180, 200 என்று காட்டும். அதைக் கண்டு உடனே கூடுதல் இன்சுலின் போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் கவிழ்ந்துவிடும். பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தானாக இறங்கும். மாறாக உப்புவெளி தாண்டி நிலாவெளிப் பக்கம் போகும் சமதரை ஓட்டம் நீளமானது, மெதுவாகவும் சீராகவும் சீனியைக் குறைக்கும். நகரைவிட்டு வெளியே விடியற்காலையில் திறந்த கடையை நம்ப முடியாது. அங்கே போகிறவருக்கு நான்கு பங்கு குளுக்கோஸ் கட்டாயம்.

மீற்றரையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும், ஏனெனில் அது பொய் சொன்னால் மேலே சொன்ன இலக்கங்கள் ஒன்றும் உதவாது. குளுக்கோஸ் தூளோ இளநீரோ பேரீச்சம்பழமோ பட்ட விரலில் குத்தினால் 60 இருக்கிற இடத்தில் 200 காட்டும். வெறுந்தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்து இரண்டாம் துளியைப் பாவியுங்கள். பட்டிகளைப் பெரும்பாலான கொம்பனிகள் 30 பாகை செல்சியசுக்குள் வைக்கச் சொல்கின்றன. மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே வெயிலில் கிடந்த பட்டியின் முடிவை நம்பக் கூடாது. பட்டிக் குப்பியின் மூடியையும் உடனே மூடுங்கள், கடற்காற்று அதையும் கெடுக்கும். மீற்றர் வாங்கும்போது கருவியின் விலையைப் பார்க்காமல் 50 பட்டிகளின் விலையைக் கேளுங்கள், அந்தப் பட்டி ஊரில் எப்போதும் இருப்பில் உண்டா என்றும் கேளுங்கள்; கருவி மலிவாகக் கிடைத்துப் பட்டிக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்புவது பெரிய தலையிடி. தோலில் ஒட்டும் உணரி வைத்திருப்பவர் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓடும்போது அது காட்டுவது 5 முதல் 15 நிமிடம், சிலவேளை அதற்கும் மேல் பின்தங்கிய கணக்கு. அம்பு கீழே காட்டி 90 என்றால் இரத்தத்தில் அதைவிடக் குறைவு.

கடைசியாகப் பையில் வைக்க வேண்டிய, அதிகம் காசு செலவில்லாத ஒரு பொருள்: லமினேற் செய்த சின்ன அட்டை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். நீரிழிவு உண்டு, இன்சுலின் பாவிக்கிறேன், நினைவிருந்தால் பையிலுள்ள குளுக்கோஸைத் தாருங்கள், நினைவில்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கீழே வீட்டாரின் தொலைபேசி இலக்கம். குளுக்கோஸ் பையோடு ஒரே இடத்தில் வையுங்கள், அட்டையை எடுப்பவர் கையிலேயே குளுக்கோஸும் வரும்.